பார்த்ததுக்குக் காசா?

முன்குறிப்பு: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். மூன்றாம் வருஷம். எது டெபிட், எது கிரெடிட் என்பதே பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிதான் தெளிவாகும் ஆசாமி. அப்படியிருந்தும் இது ஒரு காரின் முன் சக்கரத்தைப் பற்றிய கட்டுரை. திட்டுவதற்காக எழுதுகிறேன். மெக்கானிக்குகளைத்தான் திட்டப் போகிறேன் என்று ஆவலாக உட்கார்ந்தவர்கள் மன்னிக்கவும். திட்டு நமக்கு.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கார் ரிப்பேரில் நாம் ஏமாறுகிறோம் என்றால் அதற்கு முதல் காரணம் நாம்தான். கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நாம் காசு கொடுப்பதில்லை. சாமானுக்குக் கொடுப்போம். மாட்டுகிற கூலிக்கு, அரைமணி நேரம் பேரம் பேசிவிட்டு, கொடுப்போம். தரையில் படுத்து, ஆட்டி, நெம்பி, யோசித்து "இதுதான் சார் கோளாறு" என்று சொல்கிறவருக்கு மட்டும் ஒரு டீ வாங்கித் தர மனசு வராது. "அவர் என்ன செஞ்சார், சும்மா பார்த்தார்" என்போம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னோம். அந்தக் கதை 14,500 ரூபாய். இருங்கள், கணக்கோடு சொல்கிறேன், படிப்பு வீணாகக் கூடாது.

எங்கள் ஊர் படாளம். செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வந்தால் வரும். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் எங்கள் கூட்ரோட்டில்தான் திரும்புவார்கள். டீ குடிப்பார்கள். அதோடு எங்களை மறந்துவிடுவார்கள். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் இங்கேதான் இருக்கிறது. அரவை சீசனில் கரும்பு டிராக்டர்கள் ஊர்ந்து போகிற ரோட்டில்தான் நம் காரும் போக வேண்டும். வேகத்தடை பற்றித் தனியாகவே எழுதலாம். பொதுவான ரோட்டுக்கு வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. எங்கள் தெருமுனையில் இருப்பது ஒரு முழ அகலம். உயரத்தை நான் அளக்கவில்லை, காரின் அடிப்பாகம் அளந்திருக்கிறது.

அப்பாவின் கார் சின்ன வண்டி. வயசு பதினொன்று. வெள்ளை போர்டு. போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு இடது முன்பக்கம் ஒரு சத்தம். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் "டொக்". வேகமாகப் போனால் இல்லை. பிரேக் பிடித்தால் சில சமயம் இன்னொரு "டொக்". அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார், பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு. "ஏங்க, முன்னாடி ஏதோ முட்டுது பாருங்க" என்றார். அப்பா பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஒரு மாசம் கழித்து முதல் கடை. சத்தத்தைச் சொன்னதும், வண்டியைத் தொடாமலேயே, "லிங்க் ராடு போயிருக்கும்" என்றார்கள். இரண்டு பக்கமும் மாற்றி, கூலியோடு 1,700. இரண்டு நாள் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. (காசு கொடுத்த முதல் இரண்டு நாள் எல்லாச் சத்தமும் குறைந்த மாதிரிதான் இருக்கும்.) மூன்றாம் நாள் "டொக்".

அதற்குள் இடது டயரின் உள்விளிம்பு மொட்டையாகிவிட்டது. இரண்டாவது கடை. முன்பக்கம் இரண்டு டயர் 6,800, அலைன்மெண்ட் 500. பத்து நாளில் வண்டி மறுபடி இடது பக்கம் இழுத்தது. திரும்பப் போனோம். "ரோடு சரியில்ல சார்" என்று மறுபடி அலைன்மெண்ட், மறுபடி 500. வண்டி மேடை மேல்தான் நின்றது, அடியில் போய்ப் பார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது. கம்ப்யூட்டரில் கோடு பச்சையானதும் இறக்கிவிட்டார்கள்.

மூன்றாவது கடை. "ஷாக் வீக்கா இருக்கு." முன்பக்க ஷாக் இரண்டு 4,200, கூலி 800.

1,700, 6,800, 1,000, 5,000. கூட்டினால் 14,500. "டொக்" அப்படியே இருந்தது, புது ஷாக்கோடு இன்னும் தெளிவாகக் கேட்டது.

நான்காவதாக, மதுராந்தகம் பக்கம் ஒரு ஷெட். எல்லோரும் "பாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. வயசு அறுபதுக்கு மேல். சத்தம் எங்கே என்று சொல்ல வாயெடுத்த அப்பாவைக் கையமர்த்திவிட்டு, "ஒரு ரவுண்டு போலாம் சார்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நடை வேகத்தில் ஒரு மேடு. அப்புறம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு சுற்று. அப்புறம் சட்டென்று ஒரு பிரேக். ஒரு வார்த்தை பேசவில்லை. ஷெட்டுக்கு வந்து ஜாக்கி போட்டார், மரக்கட்டை முட்டுக் கொடுத்தார். நாற்பது நிமிஷம் பார்த்தார்.

அந்த நாற்பது நிமிஷத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். சண்டையே அதைப் பற்றித்தான்.

நம் தோள் மூட்டைப் போல, ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்பு உருண்டை. உருண்டையிலிருந்து ஒரு தண்டு வெளியே வரும். அதுதான் பால் ஜாயிண்ட். கிண்ணம் லோயர் ஆர்மில் இருக்கும், தண்டு சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் மாட்டியிருக்கும். சக்கரம் மேலும் கீழும் போக வேண்டும், அதே நேரம் ஸ்டியரிங்குக்கு இடமும் வலமும் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்யவிடுகிற மூட்டு அது. கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவே வழவழப்பான பிளாஸ்டிக் படுக்கை, உள்ளே கிரீஸ், மேலே ஒரு ரப்பர் பூட். பூட் கிழிந்ததும் கதை ஆரம்பம். மழைத் தண்ணியும் மண்ணும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். மண் கலந்த கிரீஸ் உப்புத்தாள் மாதிரி. உருண்டை தேயும், கிண்ணம் பெரிதாகும், ஆட்டம் வரும்.

பிரச்சினை என்னவென்றால், "டொக்" என்கிற சத்தம் பால் ஜாயிண்டின் சொந்தச் சொத்து இல்லை. லிங்க் ராடு தேய்ந்தாலும் "டொக்". ஆர்ம் புஷ் கிழிந்தாலும் "டொக்". ஷாக்கின் மேல் மவுண்ட் போனாலும், டை ராடு எண்டு போனாலும் கிட்டத்தட்ட அதே "டொக்". காதால் கேட்டுச் சாமான் பெயர் சொல்வது கிளி ஜோசியம். கையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துத்தான் கழிக்க முடியும்.

பாய் சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். கடிகாரத்தில் 12-ம் 6-ம். லேசாக ஆடியது. "தம்பி, உள்ள ஏறி பிரேக்க மிதி" என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் போகவில்லை. வீல் பேரிங் தேய்ந்திருந்தால் பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுபோயிருக்கும், டிஸ்க்கை பேட் கவ்விக்கொள்வதால். நிற்கவில்லை என்றால் ஆட்டம் பேரிங்குக்கு அப்பால், மூட்டில். அப்புறம் 3-ம் 9-ம். ஆட்டமில்லை, அதனால் டை ராடு எண்டு தப்பித்தது. அப்புறம் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் ஒரு நெம்புகோலை விட்டு அழுத்தினார். என்னைக் குனிய வைத்து, மூட்டின் மேல் என் விரலை வைக்கச் சொன்னார்.

உருண்டை கிண்ணத்துக்குள் ஏறி இறங்குவது விரலில் தெரிந்தது. நாலு மாசமாகக் காதில் கேட்டது, கையில் வந்தது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எங்கள் வண்டி மாதிரி ஸ்டிரட் வைத்த சின்ன கார்களில் வண்டியின் பாரத்தைக் கீழ் மூட்டு தாங்குவதில்லை, பாரம் ஷாக்கோடு சேர்ந்த ஸ்பிரிங் வழியாக மேலே போய்விடும். அதனால் பாடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலே ஆட்டம் தெரியும். இன்னோவா மாதிரி, கீழ் ஆர்மின் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற வண்டிகளில் அப்படிச் செய்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி மூட்டை இறுக்கிக்கொள்ளும், தேய்ந்த மூட்டும் புதுசு மாதிரி நடிக்கும். அங்கே ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை எங்கே வைப்பது என்பதே ஒரு படிப்பு. இதைத்தான் நாம் "சும்மா பார்த்தார்" என்கிறோம்.

"லெஃப்ட் பால் ஜாயிண்ட் சார். பூட் கிழிஞ்சி ரொம்ப நாளாச்சு. ரைட்டு லேசா ஆரம்பிக்குது, இப்ப அவசரமில்ல. இன்னிக்கே போட்டுடலாம்."

அப்பாவுக்கு அன்றைக்கு 14,500-க்கான கோபம் முழுக்க இருந்தது. "அப்புறம் பார்த்துக்கலாம் பாய்."

"சரி சார். பார்த்ததுக்கு முந்நூறு குடுங்க."

"எதுக்கு பாய்? ஒண்ணும் மாட்டலையே!"

"மாட்டல சார். பார்த்தேன்."

"பார்த்ததுக்குக் காசா?"

அப்பா நூறு ரூபாய் நீட்டினார். பாய் அதை வாங்கவில்லை. "வெச்சிக்கோங்க சார்" என்று கை கழுவப் போய்விட்டார். வழியெல்லாம் அப்பா அதைச் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். மாமா வீட்டில், டீக்கடையில், எல்லா இடத்திலும் அது ஒரு ஜோக். "பார்த்ததுக்கு முந்நூறாம்!"

யோசித்துப் பாருங்கள். தப்பாகச் சொன்ன மூன்று கடைகளுக்கு 14,500 கொடுத்துவிட்டோம். சரியாகச் சொன்ன ஒரே ஆளிடம் முந்நூறுக்குச் சண்டை. முதல் மூன்று பேரைப் பற்றி வீட்டில் யாரும் ஜோக் அடிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கையில் ஏதோ கொடுத்தார்கள். பழைய சாமானைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்!

இப்போது நான் படிக்கிற படிப்புக்கு வருகிறேன். 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்பவர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்றால் சந்தையில் நல்ல சரக்கு மெல்ல மறைந்துபோகும் என்பது அதன் சாரம். 2001-ல் இன்னும் இரண்டு பேரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, மார்க்கும் உண்டு. எங்களுக்கு யாரும் சொல்லித்தராத இன்னொன்று 1973-ல் வந்தது. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்று இரண்டு பேர். சில சேவைகளை வாங்கிய பிறகும் அவை தேவைப்பட்டனவா இல்லையா என்று வாங்கியவனுக்குத் தெரியவே தெரியாது. நம்பித்தான் ஆக வேண்டும் என்றார்கள். வைத்தியமும் கார் ரிப்பேரும் அந்த வகை. எங்கள் லிங்க் ராடு உண்மையிலேயே போயிருந்ததா? இன்று வரை எனக்குத் தெரியாது. இனியும் தெரியாது. பையில் போட்டுக் கொடுத்ததை அம்மா பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்.

இப்போது மெக்கானிக் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாற்பது நிமிஷம் படுத்துப் பார்த்து "ஒண்ணும் இல்ல சார், ஒரு நட்டு லூசு" என்று உண்மையைச் சொன்னால் வருமானம் சைபர். படுக்காமலே "லிங்க் ராடு" என்றால் சாமானில் லாபம், கூலியும் உண்டு. ஒருவர் நேர்மையாக இருக்க, ஒவ்வொரு நாளும் தன் கைக்காசைப் போட வேண்டும். இப்படி ஒரு விலைப்பட்டியலை நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, "மெக்கானிக்னாலே திருடன்" என்று தீர்ப்பும் சொல்கிறோம். எந்தத் தொழிலில் இதைச் சகித்துக்கொள்வார்கள்? டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து "ஒண்ணுமில்ல, கஷாயம் குடிங்க" என்றால் ஃபீஸைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியே வருகிறோம். நாளைக்கு என் வகுப்பில் ஒருத்தன் ஆடிட்டர் ஆனால் அவன் வாங்கப் போகிற சம்பளம் முழுக்கப் பார்த்ததுக்கான காசுதான். அவன் எந்த ஸ்பேனரையும் பிடிக்கப் போவதில்லை.

ஆக, வெள்ளைச் சட்டை போட்டுப் பார்த்தால் ஃபீஸ், கிரீஸ் சட்டை போட்டுப் பார்த்தால் ஜோக். பொருளாதாரமெல்லாம் அப்புறம். இது வெறும் திமிர்.

"ஃபீஸ் கொடுத்தா மட்டும் ஏமாத்த மாட்டானா?" என்று என் ரூம்மேட் கேட்டான். ஏமாற்றலாம். ஃபீஸ் வாங்கிக்கொண்டு பொய்யும் சொல்லலாம். ஆனால் காசு கொடுத்தவனுக்கு ஓர் உரிமை வருகிறது: "எனக்குக் காட்டு." எந்த மூட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு ஆட்டம், என் கையில் காட்டு. ஓசியில் பார்க்கச் சொன்னவன் அதைக் கேட்க முடியாது, கேட்டால் "வேற கடை பாருங்க" என்பார்கள். இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. பிரித்துப் பார்க்கிறவரே மாட்டிவிட்டால் பிரிக்கிற வேலை ஒரு தடவையோடு போகும், பார்ப்பதும் மாட்டுவதும் தனித்தனி ஆள் என்றால் இரட்டைச் செலவு. உண்மைதான், அந்த 1973 கட்டுரையிலேயே இந்த விஷயம் வருகிறது. அதனால் தனி ஆள் வேண்டாம், தனி பில் போதும். அங்கேயே வேலை செய்தால் பார்த்த காசைக் கூலியில் கழித்துக்கொள்ளட்டும். வெளியே போனால் பார்த்ததற்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும். முந்நூறு ரூபாய்க்கு வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேட்கலாம். வழியில்லாதவரிடமிருந்துதான் இப்போது 14,500 போகிறது.

சரி, நாம்தான் இப்படி என்றால் சட்டம் பார்க்கிறதா? 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதற்கப்புறம்தான் புதுப்பிக்க ஆய்வு. வாடகை வண்டிக்கு எஃப்.சி. உண்டு: முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம். வெள்ளை போர்டு கார் பிறந்ததிலிருந்து பதினைந்து வயசு வரை அதன் முன் மூட்டைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. புகைச் சான்றிதழ் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. இரண்டுக்கும் யாரும் குனிய வேண்டியதில்லை. பிரிட்டனில் 1960-லேயே கார்களுக்கு வருடாந்தரச் சோதனை கொண்டுவந்தார்கள். முதலில் பத்து வருஷப் பழைய வண்டிக்கு மட்டும், பிறகு 1967-க்குள் மூன்று வருஷம் என்று இறக்கிவிட்டார்கள். பால் ஜாயிண்ட் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தால் அங்கே வண்டி ஃபெயில். காசு கட்டித்தான் அந்தச் சோதனை, மாட்டினாலும் மாட்டாவிட்டாலும்.

ஏதோ நட்டு போல்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றினால், டொயோட்டா 2005 மே மாதம் அமெரிக்காவில் 7.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப்களையும் எஸ்.யு.வி.களையும் திரும்ப அழைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கக் கீழ் பால் ஜாயிண்டில் உருண்டையின் மேற்பரப்பு தயாரிப்பின்போதே கீறல்பட்டிருக்கலாம், சீக்கிரம் தேய்ந்துவிடலாம் என்பதுதான் காரணம். நம் நாட்டில் 2023 ஜூலையில் மாருதி 87,599 வண்டிகளை ஸ்டியரிங் டை ராடுக்காகத் திரும்ப அழைத்தது. இதுவும் அதே குடும்பத்துச் சாமான். கம்பெனி தப்பு செய்தால் ஒரு கடிதமாவது வரும். பதினோரு வருஷம் நம் ரோட்டில் தேய்ந்ததற்குக் கடிதம் வராது.

எனக்கு எரிச்சல் இன்னொன்றில். நம் மாவட்டமும் பக்கத்து மாவட்டமும் கார் பிழைப்பில் ஓடுகின்றன. மறைமலைநகரில் 2022 வரை ஃபோர்டு கார் செய்தது. மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஒரகடத்தில் ரெனோ ஆலை, அங்கேயே மத்திய அரசின் வாகனச் சோதனை மையம். 1929-ல் மெட்ராஸில் தொடங்கிய ரானே குழுமம் பால் ஜாயிண்டே செய்கிறது, உலகமெல்லாம் அனுப்புகிறது. உலகத்துக்கு மூட்டு செய்து கொடுக்கிற ஊரில், தேய்ந்த மூட்டைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு விலை பூஜ்யம்.

கதையை முடிக்கவில்லையே. பதினெட்டு நாள் கழித்து, செங்கல்பட்டிலிருந்து திரும்பும்போது, மாமண்டூர் பாலாற்றுப் பாலம் தாண்டியதும் முன்னால் போன லாரி நின்றது. அப்பா பிரேக் அடித்தார். "டொக்" இல்லை, "டமார்". ஸ்டியரிங் இடது பக்கம் பிடுங்கிக்கொண்டு போனது. ஓரத்தில் நிறுத்திவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் அடியில்லை. அம்மா பின் சீட்டில் இருந்தார். வெகுநேரம் யாரும் பேசவில்லை. அங்கிருந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது பாய் ஷெட்டுக்கு.

அவர் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு மூட்டை அப்பாவுக்குக் காட்டினார். தண்டைக் கையால் பிடித்துத் தூக்கினால் கிண்ணத்தின் விளிம்பு வரை வந்தது. அது முழுக்க வெளியே வந்திருந்தால் சக்கரத்தைக் கீழே பிடித்து வைக்க ஒன்றுமில்லை. மடங்கி விழும், டிரைவ் ஷாஃப்டும் பிடுங்கிக்கொள்ளும். அறுபதில் போகும்போது என்றால் மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

மாற்றும் வேலையை உட்கார்ந்து பார்த்தேன். காசு கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம் என்பதால் சொல்கிறேன். தண்டு கூம்பாக இருப்பதால் நட்டைக் கழற்றினாலும் நக்கிளில் கவ்விக்கொண்டிருக்கும். நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு மரையில் விட்டுவைத்து, நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு அடி கொடுத்தார். தண்டின் தலையில் அடிக்கவே இல்லை. "டப்" என்று விட்டது. நட்டு இருந்ததால் ஆர்ம் முகத்தில் வந்து அடிக்கவில்லை. எங்கள் வண்டியில் மூட்டு ஆர்முக்குள் அழுத்தி ஏற்றிய வகை, லாக் ரிங் போட்டது. ஆர்மைக் கழற்றிப் பிரஸ்ஸில் வைத்து இறக்கி, புதுசை அதன் விளிம்பில் மட்டும் அழுத்தம் விழுகிற மாதிரி ஏற்றினார். (சில வண்டிகளில் போல்ட் போட்டிருக்கும், வேலை சுலபம். சிலதில் ஆர்மோடு ஒரே பிண்டமாக வரும், முழு ஆர்மும் மாற்ற வேண்டும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.) நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கினார். ஸ்பிளிட் பின் ஓட்டை நேராக வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கினார். தளர்த்தக் கூடாதாம். பழைய பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பின். கடைசியாக, வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகுதான் ஆர்ம் புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

சிரிஞ்சில் பூட்டுக்குள் கிரீஸ் ஏற்றித் தருகிறோம், கிண்ணத்தைத் தட்டி டைட் பண்ணித் தருகிறோம், ஒரு பொட்டு வெல்டு வைத்துத் தருகிறோம் என்று நூறு இருநூறுக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கிரீஸ் போட்டால் சத்தம் போகும், ஆட்டம் போகாது. சத்தம் இருக்கும் வரை மூட்டு நம்மிடம் பேசிக்கொண்டாவது இருக்கிறது. வெல்டு வைத்தால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உருகிவிடும். இந்த வேலைகளும் நாம் கேட்டு உருவானவைதான், "ஏதாவது பண்ணி அனுப்பு" என்று.

பில்: மூட்டு 750, பிரஸ் வேலை 150, கூலி 600. வெளியே அலைன்மெண்ட் 500, இந்தத் தடவை நிலைத்து நின்றது. மொத்தம் 2,000. அதோடு அப்பா முந்நூறு ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தார். பாய் எண்ணிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார்?" என்றார்.

"அன்னிக்குப் பார்த்ததுக்கு."

பாய் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பில்லில் அதை எழுதவில்லை. எழுதச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அப்போது தோன்றவில்லை.

பி.கு: வலது பக்கம் "லேசா ஆரம்பிக்குது" என்றாரே, அதை இந்த மாசம் ஒருமுறை காட்டிவிட்டு வந்தோம். ஆட்டினார், நெம்பினார், பூட்டைத் துடைத்துப் பார்த்தார். "இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம் சார்" என்றார். ஒன்றும் மாட்டவில்லை. முந்நூறு. அப்பா முகம் கொஞ்சம் சுருங்கியது, நான் பார்த்தேன். ஆனாலும் கொடுத்துவிட்டார்.